கேட்கிற வீடு

கழுதைப்பால் கொடுத்தாயா என்று வாரத்துக்கு ஒரு முறை என்னைக் கேட்ட மனுஷி இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மாடிப்படி ஏறி வருவார். ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடையைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டுவார். உள்ளே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து காகிதத்தை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவார்.

"நேத்து இந்நேரத்துலேர்ந்து இப்ப வரைக்கும் கொழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேற இன்னா குடுத்த? தண்ணி?"

"இல்ல."

"சர்க்கரத் தண்ணி? தேனு? வசம்பு? பசும்பாலு? ஆட்டுப்பாலு? கழுதப்பாலு?"

"யக்கா, ஊரப்பாக்கத்துல கழுதைக்கு நான் எங்க போவேன்?"

"கேட்டதுக்கு பதில் சொல்லும்மா. உண்டா, இல்லியா?"

"இல்ல, இல்ல, இல்ல!"

"ஒரு இல்ல போதும்" என்பார். சிரிக்க மாட்டார். எழுதுவார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் வைத்திருந்த காகிதங்களில் என் பெயரும் கிடையாது, எனக்கு ஒரு எண்தான். அக்கா என்றே கூப்பிட்டேன், அக்கா என்றே எழுதுகிறேன். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். மாமல்லபுரம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்துச் செங்கல்பட்டு வந்து, அங்கே ரயில் ஏறி ஊரப்பாக்கத்தில் இறங்குவார். "வூட்ல யாரெல்லாம் கீறாங்கக்கா?" என்று ஒரு முறை கேட்டேன். "யாரும் இல்ல" என்றார். அந்தப் பதிலையும் ஒரு கட்டத்தில் டிக் போடுகிற மாதிரிதான் சொன்னார்.

அவர் எதற்கு வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் எனக்குப் பிரசவமான மூன்றாம் நாள் ஒரு டாக்டரம்மா கட்டிலருகே வந்து விளக்கினார்கள். வீடு தேடி வந்து தாய்மார்களுக்குப் பால் கொடுக்கச் சொல்லித்தந்தால் குழந்தைகள் நன்றாகத் தேறுமா என்று ஒரு ஆய்வு நடக்கிறது. தேறும் என்று நிரூபணமானால், ஏரியாவுக்கு ஒரு ஆள் போடும்படி அரசாங்கத்திடம் கேட்பார்கள். அதற்காகப் பாதி வீடுகளில் சொல்லித்தருவார்கள். மீதிப் பாதியில் கேள்வி கேட்டு, குழந்தையை எடை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். யாருக்கு எது என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும். எனக்கு வந்த கவரைப் பிரித்தது இந்த அக்காதான்.

"நீ கேக்குற வூடும்மா" என்றார்.

சொல்கிற வீடு, கேட்கிற வீடு. ஆய்வுக்காரர்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்களோ, அக்கா வைத்த பெயர் இதுதான். நான் சரி என்று கையெழுத்துப் போட்டேன். வாரம் ஒரு முறை ஒரு ஆள் என் வீட்டுப் படி ஏறி வரும் என்றால், அன்றைக்கு நான் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஏனென்றால் வேறு யாரும் வரப்போவதில்லை. என் ஊர் வேடந்தாங்கல் பக்கம், விவசாயக் குடும்பம். என் வீட்டுக்காரர் அதே ஊர் காலனி, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இவ்வளவு சொன்னால் மீதி உங்களுக்கே தெரிந்துவிடும். இரண்டு வருஷமாக என் வீட்டிலிருந்து ஒரு போன் இல்லை. அவர் நாவலூரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினார், ராத்திரி ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. விடிந்து வந்து, குழந்தை அழுகை கேட்காத மொட்டைமாடிக் கொட்டகையில் விழுந்தால் மத்தியானம் வரைக்கும் பிணம். எழுந்து குளித்துச் சாப்பிட்டால் மறுபடி கிளம்ப வேண்டும். ஸ்டேஷன் பக்கத்து மாடி அறையில் நானும் குழந்தையும் ரயில் சத்தமும்தான்.

அப்படி ஏங்கி ஏங்கி எதிர்பார்த்த ஆள் வந்து, கழுதைப்பால் உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? பத்திக்கொண்டு வரும் எனக்கு.

அக்காவிடம் ஒரு எடை மெஷின் இருந்தது. அதைத் தரையில் வைத்து, சரியாக சைபர் காட்டுகிறதா என்று மூன்று முறை பார்ப்பார். குழந்தையைச் சுற்றியிருக்கிற துணியைத் தனியாக எடை போட்டுக் கழிப்பார். ஒரு தரம் போட்டதை நம்பாமல் இன்னொரு தரம் போடுவார். இரண்டுக்கும் அஞ்சு கிராம் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தரம். என் மகள் ஜன்னல் அதிர வீறிடுவாள். "இன்னொரு வாட்டி, இன்னும் ஒரே ஒரு வாட்டி" என்று குழந்தையிடம் கெஞ்சுவார். என்னிடம் கெஞ்ச மாட்டார்.

எங்களுக்கு எதிர்வீடு சொல்கிற வீடு. அதே மாதத்தில் பெற்றவள், அதே ஆஸ்பத்திரி, அவளுக்கு வந்த கவர் வேறு. என் அறையிலிருந்து வெளியே வந்த அக்கா அப்படியே தெருவைத் தாண்டி அங்கே நுழைவார். ஜன்னலில் நின்று பார்ப்பேன். அங்கே ஒரு மணி நேரம் இருப்பார். அந்தப் பெண்ணுக்கு முதுகில் தலையணை வைப்பார், தோளைத் தட்டுவார், குழந்தையின் தலையைப் பிடித்துத் திருப்புவார், சிரிப்பார்! இந்த அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அங்கே பார்த்துத்தான் தெரியும். அவளுக்கு மாமியார் உண்டு, நாத்தனார் உண்டு, வீடு நிறைய ஆள். எல்லாம் இருக்கிற வீட்டுக்கே இதுவும் போகிறதே என்று வயிறெரிந்தேன். அந்த வயிற்றெரிச்சலுக்கு இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை.

அந்த வீட்டிலும் ஒருநாள் சண்டை வந்தது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது நம் பக்கம் வழக்கம்தானே? குடும்பத்தில் நல்ல குணம் உள்ளவராகப் பார்த்து, நாக்கில் ஒரு சொட்டு இனிப்பு வைக்கச் சொல்வார்கள். அந்த மாமியார் ஊரிலிருந்து வந்த தன் தம்பியை வைக்கச் சொல்லியிருக்கிறார், தேனில். அக்கா கேட்டபோது வீடே ஒரே குரலில் இல்லை என்றது. அக்கா குழந்தை பெற்றவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "உண்டா, இல்லியா?" என்று இன்னொரு தரம் கேட்டிருக்கிறார். அவள் உண்டு என்றுவிட்டாள்.

மாமியார் தெருவில் இறங்கிவிட்டார். "ஒரு சொட்டு தேனு! அத போயி கவர்மெண்ட்ல எழுதி குடுப்பியா நீ? தாய்ப்பால் மட்டும் குடுத்த கொழந்தன்னு எங்களுக்கு பேரு வரக்கூடாதா?"

"ஒரு சொட்டுன்னுதான் எழுதிகிறேன் பெரிம்மா" என்றார் அக்கா. "ரெண்டுன்னு எழுதல."

நான் ஜன்னலில் நின்று ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

இந்த நேரமெல்லாம் என் மகள் தேறாமல் இருந்தாள். எடை இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அக்காவுக்கு அனுமதி உண்டு. இவள் இறங்கவில்லை. வாரத்துக்கு அறுபது கிராம், ஐம்பது கிராம் என்று பேருக்கு ஏறினாள். ஐந்தாவது வாரம் முப்பது. மார்க்காம்பு இரண்டும் வெடித்து ரத்தம் கசிந்தது. அவள் வாய் வைத்தால் பாதம் வரை வலி இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பேன், இரண்டு நிமிஷத்தில் விட்டுவிட்டு அழுவாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசை வாசல் வரை நின்றது. "நல்லா சாப்புடு, தாய்ப்பால் மட்டும் குடு" என்றார் நர்ஸம்மா. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். கீழ்வீட்டுக்கார அம்மா, "உனக்குப் பால் பத்தல, டின்னு வாங்கி ஆரம்பி" என்றார். என் வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில், "வாங்கியாறட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். எனக்கென்று யாருமில்லை, என் குழந்தைக்கு வேண்டியதாவது என்னிடம் இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்து செத்தேன்.

ஆறாவது செவ்வாய்க்கிழமை அக்கா எடையை மூன்று தரம் போட்டார். மூன்று தரமும் போன வார எடையே வந்தது. ஒரு கிராம் கூட ஏறவில்லை. எழுதினார். கேள்விகளைக் கேட்டார். நான் "இல்ல" என்று சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே கத்தினேன்.

"உங்களுக்குத் தெரியும்ல? நான் எங்க தப்பு பண்றேன்னு உங்களுக்குத் தெரியும்ல? எதிர் வூட்ல போயி சொல்றீங்கல்ல? என் கொழந்த இன்னாக்கா பாவம் பண்ணுச்சு?"

அவர் காகிதத்தைப் பையில் வைத்தார். எடை மெஷினை மூடினார். எழுந்து குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நல்லா இரு தாயே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு குழந்தையைத் தூக்கினேன்.

படியில் திரும்பச் சத்தம் கேட்டது. அக்கா உள்ளே வந்தார். கை கழுவினார். என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார்.

"நிமிந்து சாஞ்சு உக்காரு. செவுத்துல முதுகு படட்டும். நீ குனிஞ்சு மார அதும் வாயில திணிக்கிற. அது தப்பு. கொழந்தைய மாருக்குக் கொண்டா." மகளை முழுசாக என் பக்கம் திருப்பி, அவள் வயிறு என் வயிற்றில் படும்படி வைத்தார். "இப்ப காம்ப அதும் மூக்குக்கு நேரா வை. வாயில வெக்காத. காத்துகினு இரு. வாயத் தொறக்கும். இன்னும் பெருசா தொறக்கட்டும்... இன்னும்... இப்ப!"

அவர் கை மகளின் தோளுக்குப் பின்னால் ஒரு தள்ளு தள்ளியது. அவள் வாய் நிறைய வாங்கினாள். முகவாய் என் மாரில் அழுந்தியது. நான் வலிக்குத் தயாராகப் பல்லைக் கடித்தேன். வலி வரவில்லை. சிறிது நேரத்தில் அவள் தொண்டையிலிருந்து மடக் மடக்கென்று சத்தம் வந்தது. ஆறு வாரத்தில் நான் கேட்காத சத்தம்.

"பாலு எவ்ளோ கீது பாரு உனக்கு" என்றார் அக்கா. "வெறும் காம்ப சப்புனா அதுக்கு இன்னா கெடைக்கும்?"

மகள் தானாக வாயை விட்டுத் தூங்குகிற வரைக்கும் அவர் நகரவில்லை. முக்கால் மணி நேரம் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பெண் என் தோளோடு தோள் படும்படி உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். அந்த முக்கால் மணி நேரம் முடியவே கூடாது என்று இருந்தது.

பிறகு அவர் பையைத் திறந்து அதே காகிதத்தை எடுத்தார். பின்பக்கம் திருப்பி எழுத ஆரம்பித்தார்.

"இன்னாக்கா எழுதறீங்க?"

"பால் குடுக்க சொல்லிக் குடுத்தேன்னு எழுதறேன்."

"ஐயோ, வேணாம்கா! வேல போயிடும்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என் வூட்டுக்காரர் கிட்ட கூட சொல்ல மாட்டேன்."

அவர் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். "அடுத்த வாரம் உன் பொண்ணு எடை ஏறும். நான் இத எழுதலன்னா, யாரும் சொல்லித் தராமலே ஏறுச்சுன்னு ஆயிடும். சொல்ற வூட்டுக் கொழந்தையும் ஏறுது, கேக்குற வூட்டுக் கொழந்தையும் ஏறுது, அப்ப சொல்லித்தர ஆளு எதுக்குன்னு கேப்பான். நான் உனக்குப் பண்ணது உன்ன மாதிரி ஆயிரம் பேருக்கு இல்லாம பூடும். புரிதா?"

புரிந்தது. ஆனாலும் எழுதாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்றே நினைத்தேன். அவர் போனால் செவ்வாய்க்கிழமை யார் வருவார்கள்?

அன்று சாயங்காலம் பால் பாக்கெட் வாங்க ஸ்டேஷன் பக்கம் போனவள் அவரைப் பார்த்தேன். பிளாட்பார பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டை அப்போதுதான் சாப்பிட்டார். இடது கையில் அந்தக் காகிதம் இருந்தது. ஒரு வாய் சோறு, கொஞ்சம் படிப்பு. ரயில் வந்ததும் மூடிவைத்து ஏறிவிட்டார். கூப்பிட்டிருக்கலாம். ஏனோ கூப்பிடவில்லை.

அடுத்த செவ்வாய் அவரே வந்தார். எடை இருநூற்று நாற்பது கிராம் ஏறியிருந்தது. மெஷின் கெட்டுவிட்டதோ என்று நான்காவது தரமும் போட்டுப் பார்த்தார். முதல் முறையாக என் வீட்டில் சிரித்தார். "அடி கள்ளி" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஜீப்பில் ஒருவர் வந்தார். அக்காவுக்கு மேலதிகாரி. நல்ல மனுஷர் மாதிரித்தான் பேசினார். "ஒரு சின்ன விஷயம்மா. அவங்க ஏதோ அவசரத்துல பின்னாடி தப்பா எழுதிட்டாங்க போல. ஒரு வீடு கணக்கிலேர்ந்து போச்சுன்னா மேல பதில் சொல்லணும். நீங்க சொன்னா சரி பண்ணிடலாம். உங்களுக்குப் பால் குடுக்க யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கன்னா அந்தக்காவுக்கு வேல போயிடுமா சார்?"

"அதெல்லாம் மேல முடிவு பண்றதும்மா."

அந்த ஒரு சொல் போதாதா? "யாரும் சொல்லிக் குடுக்கல சார். கேள்வி கேட்டாங்க, எடை போட்டாங்க, போயிட்டாங்க" என்றேன். கையெழுத்தும் போட்டேன். அவர் போனதும் எனக்கு அப்படியொரு சந்தோஷம். அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்று மகளிடம் வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் அக்கா பை இல்லாமல் வந்தார். எடை மெஷினும் இல்லை. உட்காரவில்லை, கதவருகே நின்றார்.

"இன்னாம்மா சொன்ன அவருகிட்ட?"

"யாரும் சொல்லித் தரலன்னு சொல்லிட்டேன்கா. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

"எனக்காகவா சொன்ன?"

"ஆமாக்கா."

"தப்பா எழுதிட்டேன்னு கையெழுத்து போட சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். இப்ப நான் பொய் சொல்றேன்னு ஆயிடுச்சு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. "பதினாறு வருசமா வூடு வூடா போறேன். எவளையும் எதுவும் கேட்டதில்ல, ஃபாரத்துல கீறத தவர. உன்னக் கேக்கறேன். வெள்ளிக்கிழம சாயந்திரம் பேப்பர்லாம் மேல போவுது. அதுக்குள்ள ஒரு வாட்டி செங்கல்பட்டு ஆபீசுக்கு வந்து நடந்தத சொல்றியா?"

"நாளைக்கே வரேன்கா" என்றேன். மகள் தலையில் கைவைத்துச் சொன்னேன்.

புதன்கிழமை வீட்டுக்காரர், "நாளைக்கு எனக்கு லீவு, நானே கூட்டிகினு போறேன்" என்றார். சரி, ஒருநாள்தானே. வியாழக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் என் அண்ணன்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணன். தலையைக் குனிந்துகொண்டு, "அம்மாவுக்குக் கொழந்தைய பாக்கணுமாம். கார் கொண்ணாந்துகிறேன்" என்றான். உள்ளே வரவில்லை. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். "போயிட்டு வா" என்றார். அவரைக் கூப்பிடவில்லை என்பது அவருக்கும் தெரியும். அஞ்சே நிமிஷத்தில் துணியை அடைத்துக்கொண்டு ஓடினேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் போனது. செங்கல்பட்டு வந்தது. உள்ளே திரும்பினால் பத்து நிமிஷம். அண்ணன் அப்போதுதான் கண்ணாடியில் மகளைப் பார்த்து, "எங்கப்பா மூக்கு" என்றான். என்னோடு அவன் பேசிய இரண்டாவது பேச்சு அது. இப்போது நிறுத்தச் சொன்னால் எதற்கு என்பான், சொன்னால் ஆபீசு, கையெழுத்து, வம்பு என்பான், முகம் மாறிவிடும் என்று பயமாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை. ஊர் பின்னால் போய்விட்டது. மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்துத் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிச் செங்கல்பட்டு ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் அந்தம்மா வேலையை விட்டுப் போய்விட்டார் என்றான். எங்கே என்றால் தெரியாது என்றான். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அங்கேயே, நின்றபடியே, அழுதுகொண்டே சொன்னேன். அவன் என் எண்ணைப் போட்டுப் பார்த்தான்.

"உங்க ஃபைல் முடிஞ்சிருச்சுக்கா. இனிமே எதுவும் மாத்த முடியாது" என்றான். "ஏன் அழறீங்க? பாப்பாவுக்கு நல்ல எடைதான் காட்டுது."

ஒரு குழந்தையால் ஒரு ஆய்வு கவிழ்ந்துவிடாது, அது எனக்கும் தெரியும். ஏரியாவுக்கு ஒரு ஆள் போட்டார்களா என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. போடவில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். அவர் வந்த பஸ்ஸில் மாமல்லபுரம் வரை இரண்டு முறை போய் வந்தேன். எந்த ஊரில் இறங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அந்தக் காகிதங்களில் மட்டும், அவள் யாருடைய உதவியும் இல்லாமல் வளர்ந்த குழந்தை.